பீனிக்ஸ் வெயிலில் டிரெய்லர் கூரை ஏசி: 13,500-ஐக் கழற்றும் முன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வண்டியின் பின்னால் இழுத்துப் போகும் 25 அடி வீட்டு டிரெய்லரின் கூரையில் உட்கார்ந்திருக்கும் 13,500 பிடியூ (ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு) ஏசி மதியம் இரண்டு மணிக்குத் திணறுகிறது என்றால், அதைக் கழற்றிவிட்டு 15,000 பிடியூ வாங்குவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் வாங்க வேண்டியவை மூன்று: ஒரு சுருள் அலுமினிய ஃபாயில் டேப், மேற்குப் பக்க ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து ஒரு மறைப்பு, கூரைத் துவாரங்களுக்கு இரண்டு தலையணை. மூன்றும் சேர்ந்து நூறு டாலருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ முடிந்துவிடும். புது ஏசி என்றால் ஆள்கூலியோடு ஆயிரத்தைத் தாண்டும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

பீனிக்ஸ் இருக்கும் அமெரிக்க மாநிலமான அரிசோனாவின் கோடையை மற்ற ஊர்க் கோடையோடு சேர்த்துப் பேச முடியாது. 2023-இல் பீனிக்ஸில் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை 31 நாளும் வெப்பநிலை 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43.3 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. 1990 ஜூன் 26 அன்று அந்த ஊர் 50 டிகிரியையே பார்த்திருக்கிறது. (இனி வருவதெல்லாம் செல்சியஸ்தான்.) ஆனால் ஏசிப் பெட்டியில் அச்சடித்திருக்கும் பிடியூ எண், வெளியே 35, உள்ளே 26.7 என்று வைத்துச் சோதித்தபோது கிடைத்தது. வெளியே 43 ஆகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். போதாக்குறைக்கு ஏசி இருப்பது கூரைமேல். கொதிக்கும் ரப்பர் கூரையை ஒட்டிய காற்றைத்தான் அதன் கண்டென்ஸர் (வெப்பத்தை வெளியே விடும் காயில்) இழுக்கிறது, நிழலில் அளந்த காற்றை அல்ல. ஆக 13,500 என்று வாங்கியது பீனிக்ஸில் 12,000-க்குப் பக்கத்தில், வீட்டு ஏசிக் கணக்கில் ஒரு டன் ஆகிறது. 15,000 என்பது 13,500-க்கு வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1,300, 1,400 பிடியூ. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உள்ளே வரும் வெப்பத்தைப் பாருங்கள். மேற்குப் பார்த்த ஜன்னல்கள் இரண்டரை சதுர மீட்டர் என்று வைப்போம். மாலை நான்கு மணி வெயில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் சதுர மீட்டருக்கு 600 வாட் அளவுக்கு அடிக்கும். ஒற்றைக் கண்ணாடி, லேசான கறுப்புச் சாயம். அதில் ஐந்தில் மூன்று பங்கு உள்ளே வந்தாலும் 900 வாட். பிடியூவில் 3,000. குளியலறைக்கு மேலுள்ள பிளாஸ்டிக் குவிமாடம், 14 அங்குலக் கூரைத் துவாரங்கள் இரண்டு, இவற்றின் வழியாக நடுப்பகலில் இன்னொரு 800. சுவர் ஒன்றரை அங்குலம்தான். நடுவே அலுமினியச் சட்டம் ஓடும் இடமெல்லாம் வெப்பம் நேராகக் கடக்கும். சுவர், கூரை, தரை மூன்றும் சேர்ந்து 5,000-க்கு மேல். ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜ் செய்யும் கன்வெர்ட்டர், இரண்டு மனித உடல்கள் ஒரு 1,500. கதவிடுக்கு, ஸ்லைடு (வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி) ஓரம் வழியாக நுழையும் காற்று தனி.

மேற்கு ஜன்னலை வெளியிலிருந்து மறைத்தால் மிச்சமாவது 2,000 பிடியூவுக்கு மேல். ஏசியைப் பெரிதாக்கினால் கிடைப்பது 1,400.

ஏசிகளைப் பற்றி

சந்தையில் பொதுவாகக் கண்ணில் படுபவை இரண்டு: ஸ்வீடன் கம்பெனியான டொமெடிக்கின் பிரிஸ்க் 2 வரிசை, கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவின் ஏர்எக்ஸெல் தயாரிக்கும் கோல்மன்-மாக் வரிசை. இரண்டிலும் 13,500, 15,000 உண்டு. இரண்டும் கூரையில் 14 அங்குலச் சதுரத் துவாரத்தில் உட்காரும். அதனால் ஒன்றைக் கழற்றி மற்றதை வைத்துவிடலாம் என்று தோன்றும். கூரைக்கு மேலே அது உண்மை, கீழே இல்லை. உட்கூரைப் பெட்டி (அறைக்குள் தெரியும் அடிப்பகுதி) ஒன்றினுடையது மற்றதற்குப் பொருந்தாது. தெர்மோஸ்டாட்டும் அப்படியே. டொமெடிக்கின் டிஜிட்டல் கன்ட்ரோல் டெலிஃபோன் வயர் மாதிரி ஒரு கேபிளில் பேசும். கோல்மன்-மாக்கின் சாதாரண தெர்மோஸ்டாட் தனித்தனிக் கம்பிகளில் 12 வோல்ட்டை அனுப்பும். பிராண்டு மாற்றினால் மேலே, கீழே, சுவரில் என்று மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். அதே பிராண்டில் இருப்பதுதான் சிக்கனம்.

குளிர்விக்கும் திறனில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு தேட வேண்டாம். சத்தத்தில் எதுவும் மென்மையானதல்ல. டிவி ஒலியைக் கூட்டத்தான் வேண்டும். டக்ட் (கூரைக்குள் ஓடும் காற்றுக் குழாய்) வழியாகக் காற்று வரும் டிரெய்லரில் கொஞ்சம் அடங்கும், பெட்டியிலிருந்து நேராகக் கொட்டும் மாடலில் அடங்காது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏசி குளிரவில்லை என்றதும் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது “கேஸ் தீர்ந்திருக்கும், கேஸ் போடணும்.” இந்தக் கூரை ஏசிகளில் கேஸ் போட வால்வே கிடையாது. தொழிற்சாலையில் அடைத்து வெல்டு வைத்த சிஸ்டம். கசிந்தால்தான் குறையும், கசிந்தால் புது ஏசி விலைக்குப் பக்கத்தில் செலவு வைக்கும். ஆகவே “கேஸ் ஃபில்லிங்” என்று யாராவது விலை சொன்னால், எந்த இடத்தில் ஏற்றப்போகிறார் என்று கேளுங்கள்.

முதலில் அளவெடுப்பு

20 டாலருக்குள் கிடைக்கும் கம்பி முனை தெர்மோமீட்டர் ஒன்று போதும். ஏசியை ஹை ஃபேனில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஃபில்டர் கிரில் அருகே, காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு. ஏசிக்கு மிக அருகிலுள்ள குளிர்காற்றுத் துவாரத்துக்குள் ஒரு அளவு. வித்தியாசம் 9 முதல் 12 டிகிரி இருந்தால் இயந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. அரிசோனாவின் காய்ந்த காற்றில் அந்த 12-க்குப் பக்கத்தில் எதிர்பார்க்கலாம். ஈரத்தைப் பிழிவதில் குளிர் செலவாகாது.

இந்த 12-ஐப் புரிந்துகொள்ளாமல் எழுதும் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் ஏராளம். மதியம் வந்து கதவைத் திறக்கிறார்கள், உள்ளே 42. ஏசியைப் போடுகிறார்கள், 30 டிகிரிக் காற்று வருகிறது. “வெந்நீர்க் காற்று வருது” என்று ஒரு நட்சத்திரம். ஏசி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. 42-இலிருந்து 12-ஐக் கழித்துக் கொடுத்திருக்கிறது. அறை 27 ஆனால்தான் 15 டிகிரிக் காற்று வரும். அந்த 27-க்கு வர, மரப் பலகையும் மெத்தையும் அலமாரிச் சாமானும் குடித்து வைத்திருக்கும் சூட்டையெல்லாம் கக்க வேண்டும். சாயங்காலம்வரை ஆகும். அதனால் காலை ஏழு, எட்டு மணிக்கே ஏசியைப் போட்டு வைப்பதுதான் வழி. டொமெடிக்கின் கையேடும் வெயில் ஏறுமுன் தொடங்கச் சொல்கிறது. காலையில் 24-க்கு வந்துவிட்ட டிரெய்லர் நாலு மணிக்கு 28-க்கு ஏறினால் அது தோல்வி அல்ல, 45 டிகிரி வெயிலில் அது நல்ல மார்க்.

வந்து இறங்கியவுடன் செய்ய வேண்டியது வேறு. உள்ளே 50-ஐ நெருங்கியிருக்கும். நிழல் பக்கத்து ஜன்னல் ஒன்றைத் திறந்து, கூரை ஃபேனை வெளியே தள்ளும் திசையில் பத்து நிமிடம் ஓட்டி, அந்தக் காற்றை வெளியேற்றிவிட்டு, எல்லாவற்றையும் அடைத்த பிறகு ஏசி. 43 டிகிரிக் காற்று உள்ளே வருவதும் லாபம்தான், அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும்.

டேப் வேலை

அளந்தபோது ஏசி அருகே 12 டிகிரி, படுக்கையறை மூலைத் துவாரத்தில் 7 டிகிரி என்றால் குளிர் வழியில் எங்கோ ஒழுகுகிறது. பல டிரெய்லர்களில் தொழிற்சாலையிலேயே இந்தக் குறை வந்துவிடுகிறது.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 14 அங்குலத் துவாரத்தின் நடுவே ஒரு தடுப்பு. ஒரு பாதி வழியாக அறைக்காற்று மேலே போகிறது, மறு பாதி வழியாகக் குளிர்காற்று கீழே வந்து டக்டுக்குள் நுழைகிறது. தடுப்பின் ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் குளிர்காற்று அறைக்கே வராமல் நேராக மேலே திரும்பிப் போகும். அங்கே சென்ஸரும் இருந்தால் இன்னும் மோசம்: அறை குளிர்ந்துவிட்டது என்று நினைத்து கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அறையில் 32, ஏசி ஓய்வெடுக்கிறது. இந்தக் கோலத்தில் 15,000 மாட்டினாலும் அதே கதைதான்.

வேலை இரண்டு மணி நேரம். பிரேக்கரை அணையுங்கள், தெர்மோஸ்டாட்டை மட்டும் அணைப்பது போதாது, ஏசி சர்க்யூட்டில் 120 வோல்ட் நிற்கும். ஃபில்டர் கிரில், பிறகு உட்கூரைப் பெட்டியின் திருகுகளைக் கழற்றி இறக்குங்கள். டார்ச் அடித்து மேலே பார்த்தால் வெட்டிய மரப் பலகையின் விளிம்பும், மஞ்சள் பஞ்சும், வயர் போகும் ஓட்டையும் தெரியும். அந்த விளிம்பெல்லாம் குளிர்காற்றைக் கூரைப் பலகைகளுக்கு நடுவே விடும் வழிகள். துடைத்து, தூசி போன பின், வெளிவிளிம்பு நான்கையும் ஃபாயில் டேப்பால் மூடுங்கள். டக்ட் தொடங்கும் வாயில் டக்டின் விளிம்பும் மரமும் சேரும் இடத்தில் கையை விட்டு விரலால் அழுத்தி ஒட்டுங்கள். “டக்ட் டேப்” என்று கடையில் விற்கும் சாம்பல் நிறத் துணி டேப்பை வாங்காதீர்கள். அந்தச் சூட்டில் பசை இளகி ஒரு கோடைக்குள் தொங்கிவிடும். பின்தாளை உரித்து ஒட்டும் உலோக டேப்தான் வேண்டும். அதன் விளிம்பு கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். நடுத் தடுப்பின் மேல், கீழ் ஓரங்களில் கதவுக்கு ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டை. பிறகு ஒவ்வொரு குளிர்காற்றுத் துவாரத்தின் மூடியையும் கழற்றி டக்டும் உட்கூரைப் பலகையும் சேரும் இடத்தையும் ஒட்ட வேண்டும். ஏசி அருகே மட்டும் ஒட்டி நிறுத்தினால் ஒழுகல் அடுத்த ஓட்டைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

மூடிய பிறகு சோதிக்க ஊதுபத்தி போதும். ஏசி ஓடும்போது உட்கூரைப் பெட்டியின் ஓரமாகப் புகையைக் கொண்டுபோங்கள். கிரில் பக்கம் மட்டும் புகை இழுபட வேண்டும். விளிம்பில் எங்காவது புகை தள்ளப்பட்டால் அங்கே குளிர்காற்று கசிகிறது.

இந்த வேலையையே தயாராக விற்கும் பொருள் ஒன்றும் உண்டு, ஆர்வி ஏர்ஃப்ளோ என்ற பெயரில். ஏசி மாடலுக்கேற்ப அச்செடுத்த நுரைத் தடுப்பு. குளிர்காற்று மோதித் திரும்பாமல் டக்டுக்குள் வளைந்து போகும்படி செய்திருக்கிறார்கள். யோசனை சரியானது, பொருத்துவதும் எளிது. டேப் போட்டும் மூலைத் துவாரத்தில் காற்று சோம்பினால் வாங்கலாம். டேப் போடாமல் இதை மட்டும் வைப்பதில் பயன் பாதிதான்.

பெட்டி திறந்திருக்கும்போதே ஏசியைக் கூரையோடு பிடிக்கும் நான்கு போல்ட்டுகளையும் பாருங்கள். அடியிலுள்ள ரப்பர் கேஸ்கெட் அரை அங்குல உயரத்துக்கு அமுங்கியிருக்க வேண்டும். டொமெடிக் சொல்லும் இறுக்கம் 40 முதல் 50 இஞ்ச்-பவுண்டு. மணிக்கட்டு பலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாலைக் குலுக்கலில் தளரும். தளர்ந்தால் மழைநீரும் ஏசி கக்கும் நீரும் உள்ளே சொட்டும். அதற்குப் பயந்து முறுக்கித் தள்ளினால் கேஸ்கெட் நசுங்கிச் செத்துவிடும், அப்போதும் சொட்டும். எதிர் மூலைகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.

ஜன்னல் மறைப்பு

ரிஃப்லெக்டிக்ஸ் என்ற வெள்ளிக் குமிழித் தாளை எல்லோரும் உள்பக்கம் கண்ணாடியோடு ஒட்டித் திணிக்கிறார்கள். வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகு அதைத் திருப்பி அனுப்பப் பார்க்கும் முயற்சி அது. கறுப்புச் சாயக் கண்ணாடி அந்த வெப்பத்தில் பாதியைத் தானே பிடித்துக்கொண்டு அறைக்குள் அடுப்பு மாதிரி வீசும். ஒட்டிப் போட்டால் அந்தத் தாளுக்குத் தடுப்பு மதிப்பும் ஆர்-1 சுற்றித்தான். அதன் பலமெல்லாம் பளபளப்பிலும் முன்னாலுள்ள காற்று இடைவெளியிலும் இருக்கிறது. முக்கால் அங்குலம் விட்டு மாட்டுங்கள்.

வெளியிலிருந்து மறைப்பதுதான் நிஜ லாபம். 80, 90 சதவீத நிழல் வலையை ஜன்னல் அளவுக்குத் தைத்து ஸ்னாப் பட்டனிலோ உறிஞ்சு கொக்கியிலோ மாட்டலாம். உறிஞ்சு கொக்கி பீனிக்ஸ் சூட்டில் மதியமே நழுவிவிடும்; ஸ்னாப் நிலைக்கும். ஓனிங் (டிரெய்லரின் பக்கவாட்டில் விரியும் துணிக்கூரை) துணியின் முன் விளிம்பிலிருந்து அதே வலையைத் தரைவரை தொங்கவிட்டால் ஒரு பக்கச் சுவர் முழுக்க நிழல். காற்று எழுந்தால் சுருட்டிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதப் புழுதிப் புயல் ஓனிங்கைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும்.

நிறுத்தும் திசை இலவசம். ஓனிங் டிரெய்லரின் வலப்பக்கம் இருக்கும். முன்மூக்கு தெற்கே பார்த்தால் வலப்பக்கம் மேற்கு. கொடுமையான மாலை வெயில் ஓனிங்கில் விழும். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகையாக இருந்தால் அதன் வெளித் துவாரம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அது மேற்கே வராமல் சமாளியுங்கள். அந்த வகை ஃபிரிட்ஜ் வெளிக்காற்றை நம்பி வாழ்வது, மாலை வெயிலில் பால் திரியும்.

ஸ்லைடு இருந்தால் பகலில் உள்ளே இழுத்து வைப்பது நல்லது. வெளியே தள்ளிய ஸ்லைடு என்றால் கூடுதலாக மூன்று மெல்லிய சுவர், ஒரு கூரை, சுற்றிலும் ஒழுகும் ரப்பர். அந்த ரப்பர் ஓரம் பகல் வெளிச்சம் தெரிந்தால் அங்கேதான் காசு போகிறது.

மின்சாரம்

30 ஆம்ப் ஹூக்கப் (முகாமில் தரும் மின் இணைப்பு) என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 13,500 ஏசி சாதாரண நாளில் 13 ஆம்ப் அளவில் இழுக்கும். 43-க்கு மேல் 15-ஐத் தொடும். 15,000 என்றால் அதற்கும் இரண்டு கூட. மைக்ரோவேவுக்கு 12, வெந்நீர்த் தொட்டியின் மின் கம்பிக்கு 12, கன்வெர்ட்டருக்கு நாலைந்து. ஏசியோடு இவற்றில் ஒன்றுதான் ஓடும். வெயிலில் நின்று காய்ந்த மின்பெட்டியின் பிரேக்கர் சூட்டில் சீக்கிரமே விழும் என்பதால் 24 ஆம்புக்குள் நிற்பது புத்திசாலித்தனம்.

பெரிய எமன் வோல்டேஜ். மாலை மூன்று மணிக்கு முகாமிலுள்ள எல்லா ஏசியும் ஓடும்போது 120 இருக்க வேண்டிய இடத்தில் 106, 105 என்று இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரஸர் அதிக ஆம்ப் இழுக்கும், காயில் சூடேறும், பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து அரை மணிக்கு எழாது. அதை நாள்தோறும் செய்தால் கம்ப்ரஸர் போய்விடும். பிராக்ரஸிவ் இண்டஸ்ட்ரீஸின் 30 ஆம்ப் இஎம்எஸ் பெட்டி 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே வெட்டிவிடும், 132-க்கு மேலேயும். இந்தப் பட்டியலில் யோசிக்காமல் வாங்கக்கூடிய பொருள் இதுதான். ஹியூஸ் ஆட்டோஃபார்மர் வெட்டுவதற்குப் பதில் வோல்டேஜைப் பத்து சதவீதம் ஏற்றித் தரும். விலை அதிகம், சில முகாம்களில் அனுமதிக்க மாட்டார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிளக்கை மாலையில் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, கறுத்த பித்தளை என்றால் அந்த சாக்கெட் தளர்ந்தது. வேறு இடம் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டுமென்றால் 10 கேஜ் கம்பி, அதற்கு மெல்லியது கூடாது (கேஜ் எண் கூடினால் கம்பி மெல்லியது). சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர்

மைக்ரோ-ஏரின் ஈஸிஸ்டார்ட் 364, சாஃப்ட்ஸ்டார்ட்ஆர்வி, இரண்டும் ஏறத்தாழ 300 டாலர். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் 50, 60 ஆம்ப் உதைக்கும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற இந்தச் சின்னப் பெட்டி அதை மூன்றில் ஒரு பங்காக்கும். குளிரை ஒரு டிகிரிகூடக் கூட்டாது. இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. ஜெனரேட்டரில் ஓட்டுகிறவருக்கும் வோல்டேஜ் தள்ளாடும் முகாமுக்குப் போகிறவருக்கும் தகும். நல்ல 50 ஆம்ப் ஹூக்கப்பில் நிற்பவருக்கு அவசியமில்லை.

மாட்டுவது நான்கு கம்பி வேலை. பிரேக்கரை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். பிடி காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் முனைகளைச் சேர்த்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பழைய ஸ்டார்ட் கெபாசிட்டரைக் கழற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தப்பு. இரண்டும் சேர்ந்தால் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பிழை காட்டும். ஈஸிஸ்டார்ட் முதல் ஐந்து கிளப்பலில் கம்ப்ரஸரின் குணத்தைக் கற்றுக்கொள்ளும். அந்த ஐந்தையும் ஜெனரேட்டரில் செய்யாமல் முகாமின் ஒழுங்கான கம்ப மின்சாரத்தில் முடித்துவிடுங்கள்.

ஹோண்டா இயூ2200ஐ ஜெனரேட்டர் தொடர்ந்து தருவது 1,800 வாட். சாஃப்ட் ஸ்டார்ட்டரோடு 13,500 ஏசியைத் தாங்கும், 15,000-ஐத் தாங்குவது கஷ்டம். 13,500-இலேயே நில்லுங்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம். அதுவும் 300 மீட்டர் உயரத்துக்கு 3.5 சதவீதம் திறன் குறையும். ஃபிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். அங்கே 1,800 என்பது 1,400-க்குள் வந்துவிடும். ஆனால் பீனிக்ஸிலிருந்து 230 கிலோமீட்டர் வடக்கே ஏறிவிட்டால் ஏசியின் தேவையே பாதி போய்விடும் என்பதும் உண்மை. டிரெய்லருக்குச் சக்கரம் இருக்கிறதே.

பேட்டரியில் ராத்திரி முழுக்க ஏசி ஓட்டும் ஆசை பற்றி ஒரு வரி: எட்டு மணி நேரம், ஒன்றரை கிலோவாட் என்றால் 12 யூனிட், 12 வோல்ட், 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று 1.28 யூனிட். நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

துணைக்கு இன்னொன்று

கூரை ஏசி மட்டும் போதாதபோது, ஒற்றைக் குழாய் போர்ட்டபிள் ஏசியை வாங்காதீர்கள். அறைக்காற்றை எடுத்துக் குழாய் வழியாக வெளியே ஊதுகிறது. வெளியேறிய அளவுக்கு 43 டிகிரிக் காற்று இடுக்கெல்லாம் வழியாக உள்ளே வரும். அட்டைப்பெட்டியில் பெரிதாக 14,000 என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக எஸ்ஏசிசி (இழப்புகளைக் கழித்த நிஜத் திறன்) என்று எவ்வளவோ குறைந்த எண் போட்டிருப்பார்கள். அந்தச் சின்ன எண்ணையே நம்புங்கள். இரட்டைக் குழாய் பரவாயில்லை. 5,000 பிடியூ ஜன்னல் ஏசி நாலு ஆம்ப்தான் இழுக்கும், 30 ஆம்பில் கூரை ஏசியோடு சேர்ந்து ஓடும். படுக்கையறையை மட்டும் திரை போட்டு அடைத்து ராத்திரி இதை ஓட்டினால் கூரைச் சத்தமும் இல்லை. டிரெய்லர் ஜன்னல் சட்டம் அதன் எடையைத் தாங்காது; கீழே தனி முட்டு வேண்டும்.

நீர் ஊறிய பட்டையில் காற்றை இழுக்கும் கூலர் அரிசோனாவில் மே, ஜூனில் அற்புதம். டர்போகூல் என்ற 12 வோல்ட் கூரைக் கூலர் 14 அங்குலத் துவாரத்திலேயே உட்காரும், பேட்டரியில் ஓடும். 43 டிகிரி, 10 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பநிலை (நீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கக்கூடிய எல்லை) 20 சுற்றி. நல்ல பட்டை 25, 26 டிகிரிக் காற்றைத் தரும். ஜூலையில் மழைக்காலக் காற்று வந்து 40 டிகிரி, 30 சதவீதம் ஆகிவிட்டால் அதே கூலர் 29-க்கு மேல்தான், அதுவும் பிசுபிசுப்போடு. ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்தே ஓட்ட வேண்டும், ஏசியோடு சேர்த்து ஓட்டக் கூடாது. பீனிக்ஸ் தண்ணீர் கடினத் தண்ணீர். வாரம் ஒருமுறை தொட்டியை வடித்துக் கழுவாவிட்டால் பட்டை சுண்ணாம்புக் கல்லாகிவிடும். இதே காரணத்தால்தான் ஏசி கண்டென்ஸர்மேல் தண்ணீர் தெளிக்கும் கருவிகளையும் தவிர்க்கச் சொல்கிறோம்: இரண்டு வாரம் குளிரும், பிறகு ஃபின் என்ற மெல்லிய தகடுகளுக்கு நடுவே வெள்ளைப் பூச்சு.

மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ் நல்ல ஃபேன். பத்து வேகம், நிமிடத்துக்கு 900 கன அடி, மழையிலும் மூடாமல் ஓட்டலாம். ஆனால் பகல் 11 முதல் சூரியன் சாயும்வரை அதை அணைத்து, துவாரத்தில் தலையணை திணித்து வையுங்கள். வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்த பிறகுதான் அதற்கு வேலை.

பராமரிப்பு குறைவுதான், விட்டுவிட்டால் மட்டும் பெரிதாகும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். பாலைப் புழுதியில் அது சீக்கிரம் அடையும், அடைந்தால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டும். மேல் மூடியின் திருகுகளைக் கழற்றி வருடம் ஒருமுறை கண்டென்ஸரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவான நீரில் அலசுங்கள். பிரஷர் வாஷர் வைத்தால் ஃபின் மடிந்துவிடும். கம்ப்ரஸர் ‘ம்ம்’ என்று முனகிவிட்டுக் கிளம்பாமல் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரன் கெபாசிட்டர். மல்டிமீட்டரில் மைக்ரோஃபாரட் அளவு, அதன்மேல் எழுதியிருப்பதைவிட ஆறு சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்றுங்கள். 20, 30 டாலர் பொருள். அதே எண் உள்ள ஒன்றை உதிரியாகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது, சனிக்கிழமை மாலை குவார்ட்சைட் மாதிரிப் பாலைவனச் சிற்றூரில் தேடினால் கிடைக்காது. தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ‘ஆட்டோ’வில் விடுங்கள். ‘ஆன்’ என்றால் கம்ப்ரஸர் நின்ற நேரத்திலும் கொதிக்கும் கூரையடி டக்டின் சூட்டை அறைக்குள் ஊதிக்கொண்டே இருக்கும்.

15,000 யாருக்கு? பழைய கம்ப்ரஸரே செத்துவிட்டது, எப்படியும் வாங்கியாக வேண்டும் என்றால் விலை வித்தியாசம் சொற்பம், தாராளமாக வாங்கலாம். ஆனால் ஜெனரேட்டரைச் சார்ந்திராதவராக இருக்க வேண்டும். 28 அடிக்கு மேல், இரண்டு ஸ்லைடு என்றால் 15,000-ஐத் தேடாமல் 50 ஆம்ப் வயரிங்கும் இரண்டாவது ஏசியும் பாருங்கள். வாங்குமுன் ஏசி சர்க்யூட்டின் பிரேக்கரையும் கம்பியையும் கண்ணால் பாருங்கள்: 20 ஆம்ப், 12 கேஜ் இருக்க வேண்டும். பழைய டிரெய்லரில் 15 ஆம்ப், 14 கேஜ் கம்பி ஓடியிருந்தால், பிரேக்கரை மட்டும் மாற்றி 15,000-ஐ ஏற்றாதீர்கள். சுவருக்குள் இருக்கும் அந்தக் கம்பி சூடேறும்.